மாசானத்துக்குப் பெல்ட்டு போட்ட கதை

நிலாவில் ஒரு குடும்பம் விசேஷத்துக்குக் கிளம்புகிறது என்றால் முதலில் காற்றை மூட்டை கட்ட வேண்டும். பட்டுச்சேலை, பலகாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அன்று காலை ஆவுடையப்பன் ஆளுக்கு ஓர் உருளை, அவசரத்துக்கு ஓர் உருளை என்று காற்றை வேனின் வயிற்றில் ஏற்றிவிட்டு, அதற்கு மேல் ஒரு சாக்குக் கத்தரிக்காயை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தார். அவர் ஒன்றும் பயில்வான் இல்லை. பூமியில் இருக்கும் எடையில் ஆறில் ஒரு பங்குதான் அங்கே எல்லாவற்றுக்கும்.

காலை என்று சொன்னது கடிகாரத்துக் காலையை. நிலாவின் தென்துருவத்தில் ஒரு பெரிய குழியின் விளிம்பில் இருந்தது அந்த ஊர். பெயரும் மேலவிளிம்பு. சூரியன் அங்கே உச்சிக்கு ஏறாது; செக்குமாடு போல அடிவானத்தைச் சுற்றிச் சுற்றி வரும். ஒரு பக்கத்தில் பூமி நீலமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் சோறு ஊட்டுவார்கள். மூன்று தலைமுறைக்கு முன்னால் தாமிரபரணிக் கரையிலிருந்து பனிக்கட்டி வெட்டும் வேலைக்கு வந்த ஜனங்கள் அவர்கள். ஊரை விட்டு வந்தார்களே தவிர பேச்சை விட்டு வரவில்லை.

ஆவுடையப்பன் பனிக்கட்டிப் பக்கம் போகாமல் சுரங்கத் தோட்டத்தில் கத்தரி போட்டவர். கைராசிக்காரர். அன்றைக்கு அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று, அது அவருடைய மடியைப் பற்றியது.

அவருடைய தங்கை பிரம்மசக்தி குழியின் அடியில், கீழப்பள்ளத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய இரண்டாவது பிள்ளைக்கு அன்று காதுகுத்து. வெயிலே எட்டிப் பார்க்காத அந்தக் குழியில் பிறந்த பெண்குழந்தைக்கு வெயிலுகந்தாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். நிலாவானாலும் சரி, காது குத்துவது தாய்மாமன் மடியில்தான். முதல் பிள்ளையின் காதுகுத்துக்கு ஆவுடையப்பன் பந்தி பாதி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார். அதற்குள் கீழப்பள்ளத்திலேயே இருந்த சித்தப்பா மகன் சங்கிலி தன் மடியைக் கொடுத்துவிட்டான். அன்று முதல் அந்தப் பையன் சங்கிலியை 'மாமா' என்கிறான். ஆவுடையப்பனை 'கத்தரிக்கா மாமா' என்கிறான். அந்த ஒரு சொல் அவரை உள்ளே போட்டு அறுத்துக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை என்ன ஆனாலும் நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்று கங்கணம் கட்டியிருந்தார்.

போன தடவை தாமதமானதற்குக் காரணம் மாசானம். இல்லை, ஆவுடையப்பன்தான் என்று அவர் மனைவி வடிவு சொல்வாள். இரண்டு தரப்பையும் கேட்டுவிடுவது நல்லது.

மாசானம் அவர்களுடைய வேன். ஒன்பது இருக்கை, ஆறு சக்கரம், சொந்தப் புத்தி. நிலாச் சட்டப்படி எந்த வண்டிக்கும் இரும்புச் சாவி கிடையாது. உள்ளே இருக்கிற அத்தனை பேருடைய இருக்கைவாரும் பூட்டிய பிறகுதான், அந்தப் பூட்டெல்லாம் சேர்ந்து ஒரு சாவியாகி வண்டி கிளம்பும். அதற்குக் கூட்டுச்சாவி என்று பெயர். இருக்கைவார் என்பது அரசாங்கம் வைத்த பெயர்; ஜனங்கள் பெல்ட்டு என்றே சொன்னார்கள். சட்டம் தேவையில்லாமல் வந்ததல்ல. எடை ஆறில் ஒரு பங்கானாலும் முட்டினால் விழும் அடியில் ஆறில் ஒரு பங்கு என்ற சலுகை இல்லை. சின்னக் கல்லில் சக்கரம் ஏறினால் போதும், கட்டாத ஆள் கூரையில் தலை இடித்து, அங்கிருந்து எதிர் இருக்கைக்காரர் மடிக்குப் போய்ச் சேருவார்.

ஆவுடையப்பனுக்கு ஆனால் அந்தப் பெல்ட்டைக் கண்டாலே ஆகாது. மேலவிளிம்புக் கடைத்தெருவில் இதற்கென்றே பொய்நாக்கு விற்பார்கள். வார் இல்லாமல் நாக்கு மட்டும். அதைப் பூட்டில் செருகிவிட்டால் பெல்ட்டு போட்டதாக வண்டி நினைத்துக்கொள்ளும். போன தடவை அவர் அதைச் செருகிக்கொண்டு ஹாயாக உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் மாசானம் கண்டுபிடித்துவிட்டது. நடுப் பொட்டலில் வண்டியை நிறுத்தி, உலக்கை நீளத்துக்கு ஒரு பிரசங்கம் வைத்தது. பூமியின் பழைய விபத்துக் காட்சிகளை வேறு கண்ணாடியில் ஓட்டிக் காட்டியது. குடும்பமே ஒவ்வொருவராக உறுதிமொழி எடுத்த பிறகுதான் நகர்ந்தது. காதுகுத்து போயே போய்விட்டது.

அதனால் இந்தத் தடவை ஆவுடையப்பன் வம்பே வைத்துக்கொள்ளவில்லை. விண்ணுடையோடு எல்லாருக்கும் முன்னால் ஏறினார். வெளிக்கதவை மூடினார், காற்று நிறையும்வரை பொறுத்திருந்தார், பிறகுதான் உள்கதவைத் திறந்தார். தன் இருக்கையில் உட்கார்ந்து மாசானத்துக்குக் கேட்கும்படியாகவே டக்கென்று பூட்டினார்.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றது மாசானம்.

"சோலியப் பாருடே. வெரசா கெளம்பணும்."

மிச்சம் இருந்தது மகள் இசக்கி. நாலு வயது. குழந்தைகளுக்கு வேனில் பிள்ளைக்கூடு என்று ஒன்று உண்டு. முட்டையைப் பாதியாக வெட்டி உள்ளே பஞ்சு வைத்தது போல இருக்கும். பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று என்று ஐந்து வார். காற்று போனால் தானே மூடிக்கொள்ளும். இசக்கி அதற்குள் போகமாட்டேன் என்று கையைக் காலை விரித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அம்மா மடியில இருப்பேன்!"

"மடி இருக்கை ஆகாது, இசக்கி" என்றது மாசானம். "வண்டி குலுங்குனா அம்மா கையில நிக்க மாட்ட. அம்மாவே நிக்க மாட்டாவ."

"சித்தப்பா, நீ பேசாத!"

வேன் அப்பாவை அண்ணாச்சி என்பதால் இசக்கிக்கு அது சித்தப்பா. வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு, மகளின் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தாள். முறுக்கைக் கடிக்கும் மும்முரத்தில் பிள்ளை கூட்டுக்குள் இறங்கியதும் ஐந்து நாக்கும் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக வடிவு தன்னுடையதைப் பூட்டினாள். கூட்டுச்சாவி திரும்பி, முன்னால் பச்சை விளக்கு எரிந்தது. ஆவுடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அன்றைய பயணம் போல ஒரு பயணம் அவர்களுக்கு வாய்த்ததே இல்லை. சாம்பல் நிறப் பொட்டலில் மாசானம் துள்ளித் துள்ளிப் போயிற்று. துள்ளும்போதெல்லாம் இசக்கி கத்திச் சிரித்தாள். வடிவு குலவை போட்டுப் பார்த்தாள். மாசானமும் கூடவே ஹார்னில் குலவை போட்டது. வெளியே காற்று இல்லாததால் அது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. ஆவுடையப்பன் மடியை இரண்டு கையாலும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார். அகலமான, நல்ல மடி. சங்கிலிக்கு வெறும் எலும்பு.

குழியின் ஓரத்துக்கு வந்தபோது முகூர்த்தத்துக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

குழிக்குள் இறங்க முன்பெல்லாம் சுற்றுப்பாதை ஒன்றுதான். இப்போது புதிதாகத் 'தூக்கி' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு பெரிய இரும்புத் தட்டு. பத்துப் பன்னிரண்டு வண்டிகளை ஏற்றிக்கொண்டு சுவரோடு சுவராக அடிவரை இறங்கும். நிலாவில் கையை விட்ட பொருள் பைய விழும். தூக்கியோ அதைவிட வேகமாக இறங்கும். அதனால் தட்டோடு சேர்த்துக் கட்டாத எதுவும் மேலேயே அந்தரத்தில் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வண்டியும் சக்கரத்துக்கு ஒரு கால்வாரும், மூக்குக்குக் குறுக்கே ஒரு நெஞ்சுவாரும் பூட்டிக்கொள்ள வேண்டும்; மாசானத்துக்கு மொத்தம் ஏழு. புத்தியுள்ள வண்டி தன் கொக்கிக்கையால் தானே பூட்ட வேண்டும் என்பது சட்டம். எல்லா வண்டியும் பூட்டினால்தான் தூக்கிக்கும் கூட்டுச்சாவி விழும்.

தூக்கிக்காரி செண்பகக்கனி, நல்ல உயரமான பெண், விண்ணுடைக்குள் இருந்தபடி ரேடியோவில் குரல் கொடுத்தாள். "வேன் தம்பி, அந்த ஓரத்துல நில்லு. பெல்ட்ட மாட்டு."

மாசானம் ஓரத்தில் நின்றது. ஆனால் கொக்கிக்கை வெளியே வரவில்லை.

"மாசானம், உன்னத்தாண்டே சொல்லுதாவ" என்றார் ஆவுடையப்பன்.

"எனக்கா?" என்றது மாசானம். "எனக்கு எதுக்கு அண்ணாச்சி?"

ஆவுடையப்பனுக்கு முதலில் புரியவில்லை. வேடிக்கை பேசுகிறது என்று நினைத்தார்.

"இந்தா இருக்கு கீழ. கண்ணுக்குத் தெரியுது. ஒரு எட்டுல போயிரலாம். இதுக்குப் போயி ஏழு பெல்ட்டா?"

"லேய், விளையாடாத. நேரம் ஆவுது."

"விளையாடல அண்ணாச்சி. போன வாரந்தான் பெயின்ட் அடிச்சோம். வாரப் போட்டு இறுக்குனா தடம் விழுந்துரும். விசேச வீட்டுக்குக் கசங்கிப் போயி நிக்கச் சொல்லுதியளா?"

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் அவளைப் பார்த்து முறைத்தார். எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது அவருக்கு. நேற்றைக்கு முந்தின நாள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, இதே வார்த்தைகளைச் சொன்னது யார் என்று யோசிக்க அவருக்கு அப்போது பொழுதில்லை.

"நெஞ்சுல போடுததுதான் அண்ணாச்சி ஆக மாட்டேங்கு" என்று மாசானம் தொடர்ந்தது. "மூச்சு முட்டும்."

"உனக்கு ஏதுடே மூச்சு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நான் உருள ஆரம்பிச்சு ஏழு வருசம் ஆச்சு. ஒரு நாளு விழுந்திருக்கனா? ஒரு கீறல் உண்டா? ஓட்டத் தெரியாத வண்டிக்குத்தான் பெல்ட்டு."

"தூக்கியில நீ எங்கடே ஓட்டுத? அதுல்லா இறக்குது!"

"இருக்கட்டும். விழணும்னு தலையில எழுதிருந்தா பெல்ட்டு போட்டாலும் விழத்தானே செய்வேன்?"

தலையில்லாத வண்டி தலையெழுத்தைப் பற்றிப் பேசியதும் ஆவுடையப்பன் தன் தலையில் அடித்துக்கொண்டார். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ரேடியோவில் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே பிரம்மசக்தியின் குரல் வந்தது.

"அண்ணே, எங்கன நிக்கிய? ஆசாரி எந்திரம் ஊசிய காய்ச்சியாச்சு. சங்கிலியண்ணன் குளிச்சு, பட்டு உடுத்தி, எதுக்கும் இருக்கட்டும்னு சொல்லி மணைக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கான்."

"அவன எந்திரிக்கச் சொல்லுளா! தூக்கியில நிக்கேன். இந்தா வந்துட்டேன்!"

ஆவுடையப்பனுக்கு வேர்த்து ஒழுகியது. கெஞ்சினார். திட்டினார். மாசானம் தனக்கு எத்தனை தடவை என்னென்ன புத்தி சொல்லியிருந்ததோ அத்தனையையும் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். கட்டாத உடம்பு எவ்வளவு தூரம் பறக்கும், எந்த வேகத்தில் முட்டும், என்னென்ன உடையும். அந்தப் பிரசங்கத்தை அவர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்; அத்தனை தடவை கேட்டிருக்கிறார். சொல்லச் சொல்ல அதில் நியாயம் இருப்பதாகக்கூட அவருக்குப் பட்டது.

"அதெல்லாம் சரிதான் அண்ணாச்சி" என்றது மாசானம் பொறுமையாக. "அது மனுசங்களுக்கு. நீங்க மெத்துனு இருக்கிய, உடஞ்சிருவிய. நான் இரும்புலா? அந்தத் தண்ணி லாரியப் பாருங்க. நாளுக்கு நாலு நடை இறங்குது. பெல்ட்ட சும்மா மேல போட்டுட்டு, பூட்டுல பொய்நாக்க வச்சிருக்கு. எனக்கும் ஒண்ணு தாரேன்னு இப்பத்தான் காதுல சொல்லுச்சு."

"பொய்நாக்கா!" என்று அலறினார் ஆவுடையப்பன். "ஏழு வருசமா எங்களப் போட்டு அந்தப் பாடு படுத்துனியே, உனக்கு யாருடே இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"வேற யாரு? நீங்கதான். ஏழு வருசமா உங்க பேச்சத்தானே கேட்டுட்டு வாரேன்."

கூட்டுக்குள் இருந்த இசக்கி மட்டும் முறுக்கைக் கடித்தபடி, "சித்தப்பாக்கு முறுக்கு குடும்மா" என்றாள். அதற்கு மேல் யாருக்கும் ஒரு வழியும் தோன்றவில்லை.

செண்பகக்கனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். தூக்கி வந்த நாளிலிருந்து அவள் பார்க்காத வண்டியா? ஹார்ன்கள் ஓய்ந்த ஒரு நேரம் பார்த்து, பொதுவாக, யாரையும் குறிப்பிடாமல், மெல்லிய குரலில் ரேடியோவில் சொன்னாள்.

"அந்தா, செக்கிங்காரரு வாராரு."

டக்.

டக், டக், டக், டக், டக், டக்.

மாசானத்தின் கொக்கிக்கை எப்போது வெளியே வந்தது, எப்போது உள்ளே போனது என்று யாரும் பார்க்கவில்லை. ஏழு வாரும் விறைப்பாக இருந்தன. அந்த வரிசையில் நின்ற அத்தனை வண்டியும் வகுப்பில் வாத்தியார் நுழைந்தது போல நிமிர்ந்து நின்றன. தண்ணீர் லாரி மட்டும் மேலே போட்டிருந்த வாரை இன்னும் கொஞ்சம் நேராக இழுத்துவிட்டுக்கொண்டது. தூக்கியின் சாவி விழுந்தது. தட்டு இறங்கியது.

"எங்க அக்கா, செக்கிங்காரரு?" என்றது மாசானம் தணிந்த குரலில்.

"அப்படி ஒரு ஆளே இந்த நிலாவுல கெடையாது, தம்பி" என்றாள் செண்பகக்கனி. "உசிரு போயிரும்னு நாளு முச்சூடும் தொண்ட கிழியக் கத்துதேன், ஒருத்தனும் அசைய மாட்டான். இந்த ஒத்தச் சொல்லுக்குத்தான் டக்குனு பூட்டுவான். எங்க பாட்டன் காலத்துல பூமியிலயும் இப்படித்தான் ஓட்டுனாவளாம்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, எல்லாருக்கும் தலைக்கு மேலே நிழல் விழுந்தது. தண்ணீர் லாரி. தட்டு கீழே போக, லாரி போகவில்லை. மேலே போட்ட வார் துண்டு போல நழுவி விழ, அது எட்டுச் சக்கரமும் சுழல அந்தரத்தில் மிதந்தது. "ஐயோ, ஐயோ, பிடிங்க, பிடிங்க" என்று ரேடியோவில் கத்தியது. மூடி திறந்து தொட்டித் தண்ணீர் பீறிட்டு, அந்த நொடியே பனித்தூளாகி, தூக்கியின் விளக்கொளியில் வண்ண வண்ணமாகச் சொரிந்தது. அப்படி ஒரு பூமாரியை இசக்கி அதற்கு முன் பார்த்ததில்லை. கை தட்டித் தட்டிக் குதூகலித்தாள். தட்டு அடியில் போய் நின்ற பிறகு, லாரி காலை விரித்துக்கொண்டு, காலியாக இருந்த ஓரத்தில் பொத்தென்று வந்து உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை. லாரிக்கு மானம் மட்டும் போயிற்று.

 தங்கை வீட்டு வாசலில் கதவோடு கதவு பொருத்தி நின்றதும் மாசானம், "அண்ணாச்சி, நேரத்துக்கு வந்துட்டோம்" என்றது.

வந்துவிட்டார்கள். ஆவுடையப்பன் உள்கதவு திறந்ததுதான் தாமதம், ஒரே தாவாகத் தாவிப் போய் மணையில் உட்கார்ந்தார். சங்கிலி எழுந்து ஒதுங்கி, "வாங்கண்ணே, வாங்க. உங்களுக்குத்தான் பிடிச்சு வச்சேன்" என்றான். விண்ணுடைக்கு மேலேயே பட்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டார். பிரம்மசக்தி கண் கலங்க, வெயிலுகந்தாளைக் கொண்டு வந்து அண்ணன் மடியில் வைத்தாள். ஒரு வயதுப் பிள்ளை. புது மாமனை மூக்கிலிருந்து நெற்றிவரை ஆராய்ந்துவிட்டு மீசையைப் பிடித்து இழுத்தது. அந்த நிமிஷத்தில் ஆவுடையப்பனுக்கு நிலா, பூமி, கத்தரித் தோட்டம் எதுவும் ஒரு பொருட்டாக இல்லை. நெஞ்சு நிறைந்து போயிருந்தது.

"மணைவாரைப் பூட்டிக்கொள்ளவும்" என்றது ஆசாரி எந்திரம் மரியாதையாக. ஊசியைப் பிடித்த அதன் கை அசையாமல் நின்றது.

"எதுக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

தங்கையின் வீட்டுக்காரர் கொம்பையா விளக்கினார். "அது ஒண்ணுமில்ல மச்சான். குத்துன உடனே பிள்ள துள்ளும். நாமளும் பதறி ஒரு உந்து உந்திருவோம். நம்ம ஊரு எடைக்கு எங்கயாவது போயிருவோம்லா? அதுக்குத்தான் மணையிலயே ஒரு பெல்ட்டு வச்சிருக்கு."

"செத்த நேர சோலிக்கு எதுக்கு மாப்ள அதெல்லாம்? இந்தா, குத்துனதும் முடிஞ்சுது. பட்டு வேற கசங்கிரும். நான் கெட்டியாப் பிடிச்சுக்கிடுவேன்."

"பூட்டவும்" என்றது எந்திரம்.

"சரி, சரி, போட்டாச்சு." வாரை எடுத்து மடிக்கு மேலே அழகாக விரித்து, நுனியை வேட்டிக்குள் செருகிக்கொண்டார். பார்வைக்குப் பூட்டியது போலத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற வடிவு அதைப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் ஊசி வலது காதில் இறங்கிவிட்டது.

வெயிலுகந்தாள் வீல் என்று கத்திக் காலை உதைத்தாள். பிள்ளை அழுதால் தாங்காத மனிதர் ஆவுடையப்பன், அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, "ஆத்தி!" என்று எழும்பினார். எழும்பியவர் எழும்பியவர்தான். மாமனும் மருமகளுமாக ஜிவ்வென்று மேலே போனார்கள். கூரையில் அவர் தலை நங்கென்று இடித்தது. பட்டு வேட்டி குடையாக விரிந்தது. அப்போதும் பிள்ளையின் மேலிருந்த பிடியை விடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு பைய இறங்கும்போது, கீழே கையை நீட்டி நின்ற சங்கிலிக்குத்தான் முதலில் பிள்ளை எட்டியது. அவன் வாங்கினான். வாங்கிய கையோடு காலியாக இருந்த மணையில் உட்கார்ந்தான். பனிக்கட்டி வெட்டுகிறவனுக்கு உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்துப் பூட்டுவது கைப்பழக்கம். டக்.

ஆசாரி எந்திரத்துக்கு அண்ணன் தம்பி பேதம் தெரியாது. பூட்டிய மடி ஒன்று கிடைத்தது. மிச்சமிருந்த இடது காதைக் குத்தி முடித்தது.

ஆவுடையப்பன் தரைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீடே சிரித்தது. குலவை போட வந்த பெண்களுக்குக் குலவை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வெயிலுகந்தாளே பறந்த சந்தோஷத்தில் அழுகையை மறந்து, கூரையைக் காட்டிக் காட்டி இன்னொரு தடவை என்று கேட்டாள். ஆவுடையப்பன் மண்டையைத் தடவிக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அப்போது தங்கையின் மூத்த பையன் ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"மாமா, எப்படிப் பறந்திய! எனக்கும் சொல்லித் தாங்க மாமா!"

கத்தரிக்காய் என்று ஒரு சொல் இல்லை. ஆவுடையப்பனும் விழுந்து விழுந்து சிரித்தார். வலது காது மேலவிளிம்பு மாமனுக்கு, இடது காது கீழப்பள்ளத்து மாமனுக்கு என்று பந்தியில் சங்கிலியும் அவரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கத்தரிக்காய்க் கூட்டை அவனே இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கிளம்புவதற்கு எல்லாரும் வேனில் ஏறினார்கள். கதவு வழியாக மாசானம் எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

"அண்ணாச்சி, பெல்ட்டு பூட்டித்தான் இருந்தியளா?" என்று மெதுவாகக் கேட்டது.

"பூட்டாம? அந்த மணையில நாக்கு சரியில்லடே. லூசு."

"இருக்கும் அண்ணாச்சி. அந்தத் தூக்கியிலயும் நாக்கு அப்படித்தான் லூசா இருந்துச்சு. அதான் எனக்குப் பூட்டக் கொஞ்சம் நேரமாச்சு."

இருவருக்கும் அதில் முழுத் திருப்தி. வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்; அவள் தோள் மட்டும் குலுங்கியது. பிள்ளைக்கூட்டில் இசக்கி தூங்கிவிட்டாள். பிரம்மசக்தி வீட்டார் அவர்கள் வீட்டு ஜன்னலில் வரிசையாக நின்று கையசைத்தார்கள். ஆவுடையப்பனும் கையசைத்தார், இன்னும் அசைத்தார், அசைத்துக்கொண்டே இருந்தார். வண்டி நகரவில்லை.

"என்னடே, கெளம்பு."

"சாவி விழல அண்ணாச்சி. ஒரு பெல்ட்டு பாக்கி."

ஆவுடையப்பன் குனிந்து, தன் தோள் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்த வாரைப் பார்த்தார்.

"இந்தா இருக்கு தூக்கி" என்றார். "அது வரைக்கும் எதுக்குடே?"